ஆற்காட்டுக் கடன் பத்திரமும் இன்றைய கிரிப்டோ நாணயமும்

 

மாமல்லபுரத்திலிருந்து கடற்கரைச் சாலை வழியே தெற்கு நோக்கிச் சென்றால், சதுரங்கப்பட்டினத்தின் டச்சுக் கோட்டையையும் கல்பாக்கத்தையும் கடந்து, ஏறத்தாழ 50 கிலோமீட்டர் தொலைவில் கடப்பாக்கம் வரும். அங்கே உப்பங்கழியின் ஓரத்தில் செங்கல் மதில்கள் சிதைந்து நிற்கும் இடம்தான் ஆலம்பரைக் கோட்டை. முகலாயர் காலத்தில், 17ஆம் நூற்றாண்டின் இறுதியில் கட்டப்பட்ட இக்கோட்டை ஆற்காட்டு நவாபுகளின் ஆட்சியில் ஒரு துறைமுகமாக விளங்கியது. இங்கே ஒரு நாணயச்சாலையும் இருந்தது. 1750இல் கோட்டை பிரெஞ்சுக்காரர் கைக்குப் போயிற்று. 1760இல் ஆங்கிலேயர் அதைப் பிடித்து இடித்தனர். எஞ்சி நின்றதையும் 2004ஆம் ஆண்டின் ஆழிப்பேரலை சேதப்படுத்தியது.

கோட்டை போயிற்று, ஆனால் அந்நாணயச்சாலையில் அடித்த ரூபாய், கோட்டை இடிந்த மறுநாளும் ரூபாயாகவே இருந்தது. காரணம் எளியது. அக்காலத்தில் கடைத்தெருவில் உட்கார்ந்திருந்த சராப்புகள் நாணயத்தின் முத்திரையை மட்டும் பார்க்கவில்லை. அதைத் தராசில் வைத்தார்கள், உரைத்துப் பார்த்தார்கள், தேய்மானத்துக்கும் ஊர் மாற்றத்துக்கும் 'வட்டம்' கழித்துக்கொண்டு மாற்றிக் கொடுத்தார்கள். அரசன் மாறினால் நாணயத்துக்கு ஏதோ சிறிது வட்டம் கூடும், அவ்வளவே. வெள்ளி வெள்ளியாகவே இருந்தது.

அதே ஆற்காட்டு அரசின் முத்திரை பெற்ற வேறொரு பொருளும் அந்நூற்றாண்டில் இந்தக் கடற்கரையில் கைமாறிக்கொண்டிருந்தது. அது கடன் பத்திரம். அதற்கு எடை கிடையாது, உரைகல் கிடையாது. இன்று ஏறும், நாளை இறங்கும். அதை நம்பிச் சீமை வரை மாளிகை கட்டியவர் உண்டு. அதனால் ஊரை விட்டு ஓடிய உழவர் குடும்பங்களும் உண்டு. இறுதியில் ஓர் அரசாங்கம் வந்து, எது சொத்து, எது வெறும் காகிதம் என்று தீர்ப்பெழுதியது. இன்று நம் வீட்டுப் பிள்ளைகள் கைப்பேசியில் பிட்காயின் வாங்கி விற்கிறார்கள். "இது கூடுமா?" என்று பெற்றோர் ஆலிம்களிடம் கேட்கிறார்கள். அக்கேள்விக்கு ஃபிக்ஹு நூல்களில் விடை தேடுவதற்கு முன், செங்கல்பட்டுச் சீமையில் நடந்த இந்த வரலாற்றை ஒருமுறை படித்துவிடுவது பயனுள்ளது.

1749இல் ஆம்பூர்ப் போரில் நவாப் அன்வருத்தீன் கொல்லப்பட்டார். அவருடைய மகன் முஹம்மது அலீ வாலாஜா ஆங்கிலேயரின் துணையோடும், சந்தா சாஹிப் பிரெஞ்சுக்காரரின் துணையோடும் கர்நாடக நவாபுப் பதவிக்குப் போரிட்டனர். வாலாஜா வென்றார். ஆனால் போர்ச் செலவு முழுவதையும் கம்பெனி அவர் பெயரிலேயே பற்று எழுதியது. துப்பாக்கி மருந்து, சிப்பாய் சம்பளம், கோட்டை முற்றுகை என்று ஒவ்வொன்றும் கணக்கில் ஏறியது. 1763இல் அக்கணக்கின் பொருட்டு அவர் கம்பெனிக்கு எழுதிக் கொடுத்த நிலப்பரப்புதான் செங்கல்பட்டு ஜாகீர். ஏரிகளும் நஞ்சைகளும் நிறைந்த ஏறத்தாழ இரண்டாயிரம் ஊர்கள். 1765இல் டில்லிப் பாதுஷா ஷாஹ் ஆலமின் ஃபர்மானும் அதை உறுதி செய்தது. இதில் ஒரு வேடிக்கை உண்டு. அந்த ஜாகீரை 1780 வரை நவாபே கம்பெனியிடமிருந்து குத்தகைக்கு எடுத்துக்கொண்டார். நேற்றுவரை தமக்குச் சொந்தமாயிருந்த சீமைக்கு அவரே குத்தகைதாரர் ஆனார்!

வாலாஜாவை நாம் நன்றியோடு நினைவுகூர்கிறோம். திருவல்லிக்கேணியில் 1795இல் எழுந்த பெரிய பள்ளிவாசல் அவர் பெயரால் இன்றும் நிற்கிறது. லக்னோவின் ஃபிரங்கி மஹல் குடும்பத்துப் பேரறிஞர் பஹ்ருல் உலூம் அப்துல் அலீ (ரஹ்) அவர்களைச் சென்னைக்கு அழைத்து மதரஸாவில் அமர்த்திய பெருமையும் அவருடையது. ஆனால் பள்ளிவாசல் கட்டியவர் என்பதற்காக அவருடைய கணக்குப் புத்தகத்தை நாம் மூடி வைத்துவிட முடியாது. அது முழுக்க வட்டியால் எழுதப்பட்டது.

கடன் எவ்வாறு பெருகியது என்பதைப் பாருங்கள். கம்பெனி தன் பாக்கியைக் கேட்டு நெருக்கும். நவாபிடம் ரொக்கம் இருக்காது. உடனே அதே கம்பெனியின் ஊழியர்கள், அலுவலக வேலை முடிந்த பிறகு தனி ஆட்களாகச் சேப்பாக்கம் அரண்மனைக்கு வருவார்கள். "நாங்கள் தருகிறோம்" என்பார்கள். வட்டி நூற்றுக்கு 20, 25, சில வேளைகளில் அதற்கும் மேல். அப்பணம் கம்பெனியின் கஜானாவுக்குப் போகும். பத்திரம் ஊழியர்களின் பெட்டிக்குப் போகும். வட்டி கட்ட முடியாதபோது, அவ்வட்டியும் அசலோடு சேர்த்து எழுதப்பட்டுப் புதிய பத்திரம் பிறக்கும். 1767இல் தொகுக்கப்பட்ட கடன் மட்டும் 8,80,000 பவுண்டு. 1777இல் தொகுக்கப்பட்டது ஏறத்தாழ 24 லட்சம் பவுண்டு.

வட்டியை ஹராமாக்கிய இறைமறை, தவ்பா செய்தவருக்கு மூலதனம் மட்டுமே உரியது என்கிறது (அல்குர்ஆன் 2:279). இந்த ஒரு வசனத்தை அளவுகோலாக வைத்து அப்பத்திரங்களைப் பிரித்திருந்தால், அவற்றில் எத்தனை பங்கு உண்மையான மூலதனம் என்பது அன்றே வெளிப்பட்டிருக்கும். பிற்காலத்தில் அப்படிப் பிரித்துப் பார்த்தார்கள். அதற்குப் பின்னர் வருகிறேன்.

பத்திரத்தோடு இன்னொன்றும் கொடுக்கப்பட்டது. அதை அக்காலத்தில் 'தன்கா' என்றனர். இன்ன சீமையின் வரப்போகும் அறுவடை வருவாய் இன்ன கடன்காரருக்கு என்று எழுதிய ஒப்படைப்புச் சீட்டு அது. நெல் இன்னும் வயலில் பச்சையாக நிற்கும். அதன் வருவாய் ஏற்கெனவே ஒருவருடைய பெட்டிக்குள் காகிதமாக இருக்கும். அவர் அதை வேறொருவருக்குத் தள்ளுபடி விலையில் விற்றுவிட்டிருக்கவும் கூடும். அமுல்தாரும் குத்தகைதாரரும் அச்சீட்டை நிறைவேற்றியாக வேண்டும். நிறைவேற்றுவது யாரிடமிருந்து? களத்துமேட்டில் நிற்கும் உழவரிடமிருந்து. படைவீரருக்குச் சம்பளம் கிடைக்காது, ஏரிக்கரைக்கு மராமத்து நடக்காது. சீட்டுக்கு மட்டும் பணம் போகும்.

இச்சீட்டுகளின் பலத்தை 1776ஆம் ஆண்டு காட்டியது. கம்பெனியில் ஆண்டுக்குச் சில நூறு பவுண்டு சம்பளம் வாங்கிய பால் பென்ஃபீல்டு என்ற ஊழியர், தமக்கு நவாபிடமிருந்தும் தஞ்சைச் சீமையின் மக்களிடமிருந்தும் 2,34,000 பவுண்டு வரவேண்டியுள்ளது என்று கோரிக்கை வைத்தார். தஞ்சையின் நிற்கும் பயிர்மீதே அவருக்குத் தன்கா எழுதப்பட்டிருந்தது. நவாப் 1773இல் கைப்பற்றிய தஞ்சையை அதன் அரசரிடம் திருப்பி ஒப்படைக்க வந்தவர் ஆளுநர் பிகட் பிரபு. அவர் அக்கோரிக்கையை ஏற்க மறுத்தார். அதன் விளைவு என்ன தெரியுமா? 1776 ஆகஸ்டு 24 அன்று ஆளுநரே கைது செய்யப்பட்டுப் பரங்கிமலையில் காவலில் வைக்கப்பட்டார். 1777 மே 11 அன்று காவலில் இருந்தபடியே இறந்தார். அவரைக் கைது செய்வித்தவர்கள் அவருடைய சொந்த ஆலோசனைச் சபையின் பெரும்பான்மையினர்.

பிறர் பொருளை அநியாயமாக உண்ணாதீர்கள், அறிந்துகொண்டே அதில் ஒரு பங்கை விழுங்குவதற்காக அதிகாரிகளிடம் கொண்டுசெல்லாதீர்கள் என்ற கருத்தில் திருக்குர்ஆன் எச்சரிக்கிறது (2:188). பென்ஃபீல்டின் வரலாறு இவ்வசனத்துக்கு விரிவுரை எழுதியது போலிருக்கிறது.

'குதிரைப்படைக் கடன்' என்ற பெயரில் ஒன்று உண்டு. 1777இல் நவாபின் குதிரைப்படையில் ஒரு பகுதியைக் கலைக்க முடிவாயிற்று. பாக்கிச் சம்பளம் கொடுத்தால்தான் கலைக்க முடியும். கம்பெனி ஊழியர் மூவர் நான்கு லட்சம் வராகன், அதாவது 1,60,000 பவுண்டு தருவதாக முன்வந்தனர். அதற்கு ஈடாக ஒரு பெரும் நிலப்பகுதியின் வருவாயைத் தம் பொறுப்பில் எழுதி வாங்கிக்கொண்டனர். வீரர்களுக்கோ இரண்டாண்டுகள் போலப் பணம் வந்து சேரவில்லை என்றும், ஊரின் வருவாயை வசூலித்து அதிலிருந்தே கொடுத்தார்கள் என்றும் எட்மண்ட் பர்க் பிற்காலத்தில் பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தில் குற்றம் சாட்டினார். கையில் இல்லாத பணத்தைக் கடனாகக் கொடுத்து, கடன் வாங்கியவரின் பணத்தைக் கொண்டே அக்கடனைக் கொடுத்துத் தீர்ப்பது! உன்னிடம் இல்லாததை விற்காதே என்று ஹகீம் பின் ஹிஸாம் (ரலி) அவர்களுக்கு நபி (ஸல்) அவர்கள் இட்ட கட்டளையின் ஆழம் இங்கே புரிகிறது.

இப்பத்திரங்களின் மதிப்பு எதனால் ஏறியது, எதனால் இறங்கியது? நவாபின் நெற்களஞ்சியத்தால் அன்று. செய்தியால். 1780 ஜூலையில் ஹைதர் அலீயின் படை கணவாய்களைத் தாண்டி இறங்கியது. செப்டம்பர் 10 அன்று காஞ்சிபுரத்துக்கு அருகே பொள்ளிலூரில் பெய்லியின் படை அழிந்தது. செங்கல்பட்டுச் சீமை போரின் பாதையில் சிக்கியது, ஊர்கள் வெறிச்சோடின, பஞ்சம் தொடர்ந்தது. அறுவடையே இல்லாத நிலத்தின் மீது எழுதிய தன்காவுக்கு என்ன விலை? 1781 டிசம்பரில் நவாப் தம் நாட்டின் வருவாய் முழுவதையும் ஐந்தாண்டுக் காலத்துக்குக் கம்பெனியிடம் ஒப்படைத்தார். தமக்கென ஆறில் ஒரு பங்கு மட்டும் வைத்துக்கொண்டார். இப்போது வருவாய் கம்பெனியின் கையில், பத்திரக்காரர்கள் வாசலில்.

எனவே அவர்கள் சென்னையை விட்டுவிட்டு இலண்டனுக்குப் போனார்கள். பத்திரத்தின் விலையைக் களத்துமேடு உயர்த்தாது, நாடாளுமன்றம் உயர்த்தும் என்று கண்டுகொண்டார்கள். பென்ஃபீல்டு தம் செல்வாக்கால் எட்டு உறுப்பினர்களை நாடாளுமன்றத்துக்குள் கொண்டுவந்தார் என்று பர்க் கூறினார். 1784இன் இந்தியச் சட்டம் அக்கடன்களை விசாரிக்கச் சொன்னது. ஆனால் ஹென்றி டண்டாஸின் கட்டுப்பாட்டு வாரியம் விசாரணையின்றியே மூன்று பெருங்கடன்களையும் ஏற்று, ஆண்டுக்குப் 12 லட்சம் வராகனை, அதாவது 4,80,000 பவுண்டை அவற்றுக்கென ஒதுக்கியது. 1785 பிப்ரவரி 28 அன்று பர்க் ஆற்றிய நீண்ட உரை இதை எதிர்த்துத்தான். உரை பெரும் புகழ் பெற்றது. பத்திரக்காரர்கள் பணம் பெற்றார்கள். நவாபின் நாடு 1785இலேயே அவரிடம் திரும்பியது. அதோடு கடனும் திரும்பியது. புதிய பத்திரங்களும் தொடர்ந்து எழுதப்பட்டன.

வாலாஜா 1795 அக்டோபரில் காலமானார். அவருடைய மகன் உம்தத்துல் உமரா 1801 ஜூலை 15 அன்று காலமானார். திப்பு சுல்தானோடு இரகசியக் கடிதத் தொடர்பு வைத்திருந்தார்கள் என்ற குற்றச்சாட்டை முன்வைத்து, அம்மாதம் 31ஆம் தேதி ஒப்பந்தத்தின் மூலம் கம்பெனி கர்நாடகம் முழுவதன் ஆட்சியையும் எடுத்துக்கொண்டது. புதிய நவாப் அஸீமுத் தவ்லாவுக்கு நிகர வருவாயில் ஐந்தில் ஒரு பங்கும் பட்டமும் மிஞ்சின. இதைக் காட்டிலும் பெரிய பறிமுதல் தென்னாட்டில் நடந்ததில்லை என்றே சொல்ல வேண்டும்.

நாடு பறிபோனதும் பத்திரங்களின் கதி என்ன? 1805 ஜூலையில் கடன்காரர்களோடு கம்பெனி ஓர் உடன்படிக்கை செய்து, ஒவ்வொரு பத்திரத்தையும் விசாரிக்க ஆணையர்களை அமர்த்தியது. சீமையில் ஒரு குழு, சென்னையில் ஒரு குழு. மொத்தம் 3 கோடிப் பவுண்டுக்கும் மேலான கோரிக்கைகள் வந்து குவிந்தன. 1808இல் சென்னை நீதிமன்றத்தில் போலிப் பத்திர வழக்குகள் வெடித்தன. 1814 நவம்பர் வரை விசாரித்து முடிந்த கோரிக்கைகளின் கணக்கு இது: கேட்கப்பட்டது 2,03,90,570 பவுண்டு. உண்மையான கடன் என ஏற்கப்பட்டது 13,46,796 பவுண்டு. தள்ளப்பட்டது 1,90,43,774 பவுண்டு.

அருமை வாசகர்களே! இவ்வெண்களை நிதானமாகப் படியுங்கள். நூறு வராகனுக்குப் பத்திரம் வைத்திருந்தோரின் கோரிக்கையில் ஏழு வராகன்கூட நிற்கவில்லை. மீதி தொண்ணூற்று மூன்றையும் எத்தனை பேர் செல்வம் என்று எண்ணியிருப்பார்கள்! பெண்ணுக்குச் சீர் பேசியிருப்பார்கள், வீட்டை அடமானம் வைத்திருப்பார்கள், இன்னொருவருக்கு விற்றிருப்பார்கள். பென்ஃபீல்டு இலண்டனில் வங்கி நடத்தி, ஊக வணிகத்தில் அனைத்தையும் இழந்து, 1810இல் பாரிஸில் வறுமையில் இறந்தார். அவருக்காக நாம் கண்ணீர் சிந்த வேண்டியதில்லை. செங்கல்பட்டு உழவரின் பெயரோ எந்தப் பத்திரத்திலும் இல்லை. ஆணையர் முன் அவருக்கு நாற்காலியும் இல்லை.

இப்போது நம் காலத்துக்கு வருவோம்.

பிட்காயின் 2009 ஜனவரியில் தொடங்கியது. அதை வெளியிடும் அரசன் இல்லை, வங்கி இல்லை. உலகெங்கும் உள்ள கணினிகள் ஒரே பேரேட்டின் படியை வைத்துக்கொண்டு, யாரிடமிருந்து யாருக்கு எவ்வளவு போயிற்று என்று எழுதி வருகின்றன. மொத்தம் 2 கோடியே 10 லட்சம் காசுகளுக்கு மேல் உருவாகாது என்பது அதன் விதி. ஒரு விஷயத்தில் நியாயமாகச் சொல்ல வேண்டும்: நவாபின் பத்திரத்தைப் போலியாக எழுத முடிந்தது, இப்பேரேட்டில் போலிக் காசை எழுதுவது மிகக் கடினம். ஆனால் நவாபின் பத்திரத்துக்குப் பின்னால், எவ்வளவு சுரண்டப்பட்டிருந்தாலும், ஒரு நாடும் அதன் வயல்களும் இருந்தன. பிட்காயினுக்குப் பின்னால் அப்படி எதுவும் இல்லை. அடுத்தவர் வாங்குவார் என்ற எதிர்பார்ப்பே அதன் விளைநிலம்.

ஆகவே அதன் விலையும் செய்தியால்தான் ஏறி இறங்குகிறது. 2017 டிசம்பரில் ஒரு பிட்காயின் 19,000 டாலரைத் தாண்டியது. ஓராண்டில் ஏறத்தாழ 3,200 டாலருக்கு வீழ்ந்தது. 2021 நவம்பரில் 69,000 டாலரை நெருங்கியது. 2022 நவம்பரில் எஃப்டிஎக்ஸ் என்ற பரிமாற்ற நிறுவனம் சரிந்தபோது 16,000 டாலருக்கும் கீழே போனது. 2025 அக்டோபரில் 1,26,000 டாலரைக் கடந்தது. அடுத்த மாதமே 81,000 டாலர் அளவுக்கு இறங்கியது. ஆறு வாரத்தில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் கரையும் ஒன்றைச் சேமிப்பு என்று அழைக்க எனக்கு நா எழவில்லை. மகளின் திருமணத்துக்கும் ஹஜ்ஜுப் பயணத்துக்கும் வைத்த பணத்தை அதில் போடுவோர் இந்த எண்களை ஒருமுறை உரக்கப் படித்துப் பார்க்கட்டும்.

அரசுகளின் பக்கம் என்ன நடக்கிறது? இந்தியாவில் 2018 ஏப்ரலில் ரிசர்வ் வங்கி, கிரிப்டோ வணிகத்துக்குச் சேவை செய்யக்கூடாது என வங்கிகளுக்கு உத்தரவிட்டது. 2020 மார்ச் 4 அன்று உச்ச நீதிமன்றம் அவ்வுத்தரவை நீக்கியது. 2022 ஏப்ரல் முதல் இதன் ஆதாயத்துக்கு 30 விழுக்காடு வரி விதிக்கப்பட்டது; ஒரு காசில் வந்த நட்டத்தை இன்னொரு காசின் ஆதாயத்தில் கழிக்க இயலாது. 2023 மார்ச்சில் பணமோசடித் தடுப்புச் சட்டத்தின் கீழும் இவ்வணிகம் கொண்டுவரப்பட்டது. சட்டப்படியான செலாவணி என்ற தகுதி அதற்கு இல்லை; ஆயினும் வரி உண்டு, பறிமுதலும் உண்டு. பிட்கனெக்ட் என்ற மோசடி வழக்கில் 2025 பிப்ரவரியில் அமலாக்கத் துறை 1,646 கோடி ரூபாய் மதிப்புள்ள கிரிப்டோ நாணயங்களைக் கைப்பற்றியது. கண்ணுக்குத் தெரியாத பொருள், அரசின் கைக்கும் அகப்படாது என்று இளைஞர்கள் சொல்வது பிழை என்பதற்கு இதுவே போதும்.

ஜெர்மனியில் நடந்தது இன்னும் சிந்திக்கத்தக்கது. ஒரு குற்ற வழக்கில் கைப்பற்றிய ஏறத்தாழ 50,000 பிட்காயினைச் சாக்சனி மாநில அதிகாரிகள் 2024 ஜூன், ஜூலை மாதங்களில் விற்றார்கள். விலை வீழ்ந்து பெருமதிப்பு அழியக்கூடிய பொருளை வழக்கு முடியும் முன்பே விற்றுவிட அங்குச் சட்டம் இடம் தருகிறது. 264 கோடி யூரோ கிடைத்தது. அந்த ஆண்டு முடிவதற்குள் பிட்காயின் ஒரு லட்சம் டாலரைத் தாண்டிவிட்டது. கைப்பற்றிய பொருளை வைத்திருந்தாலும் சிக்கல், விற்றாலும் சிக்கல்.

நம் சென்னை உயர் நீதிமன்றமும் இதில் ஒரு முக்கியத் தீர்ப்பை 2025 அக்டோபரில் வழங்கியுள்ளது. வாசிர்எக்ஸ் என்ற பரிமாற்ற நிறுவனத்தில் 2024 ஜூலை 18 அன்று ஏறத்தாழ 23 கோடி டாலர் மதிப்புள்ள நாணயங்கள் களவாடப்பட்டன. நிறுவனம் எல்லாருடைய கணக்குகளையும் முடக்கியது. களவு போனவற்றில் சேராத வேறொரு வகை நாணயத்தை வைத்திருந்த ஒருவர், இழப்பை எல்லார் தலையிலும் பகிர்ந்து கட்டக்கூடாது என்று வழக்காடினார். கிரிப்டோ நாணயம் தொட்டுணரும் பொருளும் அன்று, செலாவணியும் அன்று. ஆயினும் அது ஒரு சொத்து, ஒருவருக்காக மற்றொருவர் அமானிதமாக வைத்திருக்கத் தக்கது என்று நீதிபதி என்.ஆனந்த் வெங்கடேஷ் கூறினார். 1805இன் ஆணையர் கேட்ட அதே கேள்விதான், இருநூற்று இருபது ஆண்டுகள் கழித்து அதே ஊரில் எழுந்திருக்கிறது: கையில் பிடிக்க முடியாத இந்த உரிமை யாருடையது? இம்முறை எளியவர் ஒருவருக்கு நாற்காலி கிடைத்தது என்பது ஆறுதல்.

பறிமுதல் என்றாலே அநியாயம் என்று நாம் நினைத்துவிடக்கூடாது. மதீனாவின் வரலாற்றில் ஒரு நிகழ்ச்சி உண்டு. இமாம் மாலிக் (ரஹ்) அவர்கள் தம் முவத்தாவில் பதிவு செய்துள்ளார்கள். எகிப்திலிருந்து வரும் தானியம் செங்கடலோரம் 'அல்ஜார்' என்ற துறையில் இறங்கும். மர்வான் பின் ஹகம் ஆளுநராக இருந்த காலத்தில் அத்தானியத்தைப் பெறுவதற்கான சீட்டுகள் மக்களுக்கு வழங்கப்பட்டன. மக்கள் தானியத்தைக் கையில் வாங்கும் முன்பே சீட்டை விற்கத் தொடங்கினார்கள். வாங்கியவர் இன்னொருவருக்கு விற்றார். ஸைத் பின் ஸாபித் (ரலி) அவர்களும் மற்றொரு நபித்தோழரும் மர்வானிடம் சென்று, வட்டியை ஹலாலாக்குகிறீரா எனக் கேட்டார்கள். மர்வான் திடுக்கிட்டு, அல்லாஹ்விடம் பாதுகாவல் தேடி, என்ன அது என வினவினார். சீட்டு வணிகத்தை அவர்கள் விளக்கினார்கள். உடனே காவலர்களை அனுப்பி, மக்களின் கைகளிலிருந்து அச்சீட்டுகளைப் பிடுங்கி, உரியவர்களிடம் திருப்பிக் கொடுக்கச் செய்தார்.

அந்தக் கடைசிச் சொற்களைக் கவனியுங்கள். உரியவர்களிடம் திருப்பிக் கொடுக்கச் செய்தார். பைத்துல்மாலில் சேர்க்கவில்லை. 1801இன் கம்பெனிக்கும் மர்வானின் காவலருக்கும் உள்ள வேறுபாடு இதுதான். நம் நாட்டுப் பணமோசடித் தடுப்புச் சட்டத்திலும் பறிமுதல் சொத்தை ஏமாந்தோருக்கு மீட்டளிக்க வழி இருக்கிறது. ஏமாந்தவர் தாம் செலுத்திய பணத்துக்குச் சான்று காட்ட வேண்டும். கடனை எழுதிவையுங்கள், சாட்சி வையுங்கள் என்று திருக்குர்ஆனின் மிக நீண்ட வசனம் (2:282) ஏன் இவ்வளவு விரிவாகப் பேசுகிறது என்பது இத்தகைய வேளையில் விளங்கும். ஊரில் ஒருவர் "மாதம் பத்து விழுக்காடு தருகிறோம்" என்று சொன்னதை நம்பி, ரசீது இல்லாமல் ரொக்கமாகக் கொடுத்தவர் எந்த அலுவலகத்தில் போய் எதைக் காட்டுவார்?

மார்க்கத் தீர்ப்பில் ஆலிம்களிடையே கருத்து வேறுபாடு இருக்கிறது. அதை மறைக்கத் தேவையில்லை. துருக்கியின் சமய விவகாரத் தலைமையகம் 2017இல் இதை ஏற்கத்தகாது என்றது. எகிப்தின் தாருல் இஃப்தாவும் அதையடுத்துத் தடையென அறிவித்தது. இந்தோனேசிய உலமா சபை 2021இல் செலாவணியாகப் பயன்படுத்துவது ஹராம் என்றது. மலேசியாவின் பங்குச் சந்தை ஆணையத்துடைய ஷரீஅத் ஆலோசனைக் குழு 2020இல், உரிய நிபந்தனைகளோடு பதிவு பெற்ற சந்தையில் வாங்கி விற்பதை அனுமதித்தது. தடுப்போர் 'ஃகரர்' எனும் நிச்சயமின்மையையும் சூதாட்டத் தன்மையையும் சுட்டுகிறார்கள். அனுமதிப்போர் அதை ஒரு மால் எனக் கருதுகிறார்கள். உங்கள் பகுதி ஆலிமிடம் நேரில் விளக்கம் பெறுங்கள். என் எளிய கருத்து: கடன் வாங்கி இதில் இறங்குவதும், இல்லாத காசை விற்கும் முன்பேர வணிகமும், மாதாமாதம் உறுதியான லாபம் தருகிறோம் என்னும் திட்டங்களும், எந்தத் தரப்பு ஆலிம்களின் கருத்திலும் இடம் பெறாதவை. இவற்றில்தான் நம்மவர் பலர் பணத்தை இழக்கிறார்கள்.

ஏற்கெனவே வைத்திருப்போருக்கு ஜகாத்தின் கேள்வி வருகிறது. அதை மால் எனக் கொள்ளும் ஆலிம்கள், வணிகச் சரக்கைப் போல, ஆண்டு நிறைவுறும் நாளின் சந்தை மதிப்பில் இரண்டரை விழுக்காடு கொடுக்கச் சொல்கிறார்கள். சென்ற ஆண்டின் உச்ச விலையும் நாளை வரப்போவதாக நினைக்கும் விலையும் கணக்கில் சேரா. அன்றைய விலை, அன்றைய ஜகாத்.

கடைசியாக ஒன்று, வாரிசுகளைப் பற்றியது. கர்நாடகக் கடன் விசாரணை பத்தாண்டுகளைத் தாண்டி நீண்டது. பத்திரம் பெற்றவர் பலர் தீர்ப்பைக் காணாமலே இறந்தனர். ஆனால் காகிதம் பெட்டியில் இருந்தது. பிள்ளைகள் அதை எடுத்துக்கொண்டு ஆணையர் முன் நிற்க முடிந்தது. கிரிப்டோ நாணயத்தைத் தம் சொந்தப் பணப்பையில் வைத்திருப்பவருக்குப் பன்னிரண்டு அல்லது இருபத்து நான்கு சொற்கள் கொண்ட ஒரு சாவித்தொடர் உண்டு. அச்சொற்களை அவர் மட்டும் அறிந்திருந்து மவுத்தாகிவிட்டால், அப்பணத்தை மனைவியும் மக்களும் எடுக்க முடியாது; எந்த நீதிமன்றமும் எடுத்துக் கொடுக்க முடியாது. பேரேட்டில் அது அப்படியே தெரியும், எடுக்க ஆள் இருக்காது. சொத்துப் பங்கீட்டில் அதைச் சேர்க்கவும் வழியிராது. வஸிய்யத் செய்யத்தக்க பொருள் உள்ள ஒரு முஸ்லிம், தம் வஸிய்யத் எழுத்தில் இல்லாமல் இரண்டு இரவுகள் கழிப்பது தகாது என்ற கருத்தில் புகாரி, முஸ்லிம் இரு நூல்களிலும் நபிமொழி உள்ளது. இப்படிப்பட்ட நாணயம் உங்கள் வீட்டில் யாரிடமேனும் இருந்தால், எவ்வளவு இருக்கிறது, எங்கே இருக்கிறது, அச்சொற்கள் எந்தப் பெட்டியில் இருக்கின்றன என்பதை எழுதி, நம்பிக்கையான இருவர் அறிய இந்த வாரமே வைத்துவிடச் சொல்லுங்கள்.